கட்டிலருகே ஒரு பாட்டு

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



மார்கழி மாதத்தில் எங்கள் வன்னியிலே இரண்டு பாட்டுக் கூட்டங்கள் இருளில் நடந்து வரும். ஒன்று விடியற்புறத்தில் வருவது. சங்கும் சேமக்கலமும் ஒலிக்க, திருவெம்பாவையும் திருப்பள்ளியெழுச்சியும் பாடிக்கொண்டு, பனியில் தலையை மூடிக்கட்டிய பெரியவர்களும் தூக்கம் கலையாத சிறுவர்களுமாக ஒழுங்கை ஒழுங்கையாக அது வரும். மற்றது முன்னிரவில் வருவது. நத்தாருக்கு முந்திய நாள்களில், கையில் ஓர் அரிக்கன் லாம்பும் தோளில் ஒரு டோல்கியுமாக, பாலன் பிறப்பைப் பாடிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கும். இதனையே நாம் கரோல் என்கிறோம்.

இவை இரண்டும் வேறு வேறு சமயத்தவை. ஆனாலும் இரண்டுக்கும் ஒரு பொதுப் பண்பு உண்டு. தேவாரம் கேட்க வேண்டுமென்றால் நாம் கோயிலுக்குப் போகிறோம். கச்சேரி கேட்க மண்டபத்துக்குப் போகிறோம். கவிதை வேண்டுமென்றால் புத்தகத்தைத் தேடி எடுக்கிறோம். இந்த இரண்டு பாட்டு மட்டும் நம்மைத் தேடிக்கொண்டு படலை வரைக்கும் வருகின்றன. வீட்டுக்காரர் வெளியே வரும் வரையில் நின்று பாடுகின்றன.

அப்படித் தேடிப் போகின்ற பாட்டு, எழுந்து வெளியே வர இயலாத ஒருவரிடம் போனால் என்ன நடக்கும்? இன்றைய உரையில் நான் சிந்திக்க விரும்புவது இதைத்தான். தரும ஆஸ்பத்திரி ஒன்றிலே நடக்கும் கரோல் வழிபாடு பற்றிப் பேசப் போகிறேன்.

என்னுடைய சொந்த அனுபவம் ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. 1990 ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்ட பின்னர் எங்கள் பக்கத்தில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெயைத் துளித்துளியாக அளந்து, ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கெரித்த காலம். பற்றறி கிடையாது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவில் வருகிற மின்சாரத்திலே வானொலி கேட்டோம். சுற்றுகிறவர் களைத்தால் செய்தியும் களைத்துப் போகும். நாட்டை விட்டுப் போனவர்கள் இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்களாம். இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் அப்படி மிதி சுற்றியவர்கள் சிலராவது இருப்பீர்கள்.

மாரி மழை பெய்து குளங்கள் நிரம்பினால் வன்னியில் வயல் செழிக்கும். கூடவே மலேரியாவும் செழிக்கும். அந்த வருடம் மார்கழியிலே என்னையும் அது பிடித்தது. திருச்சபையினர் தருமமாக நடத்திய ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கட்டில்கள் எல்லாம் நிரம்பி, கட்டிலுக்குக் கீழே ஒரு பாய், இரண்டு கட்டிலுக்கு நடுவே ஒரு பாய், விறாந்தையிலே வரிசையாகப் பாய் என்று நோயாளர் கிடந்தோம். நடுங்குகிறவர் நடுங்க, வியர்க்கிறவர் வியர்க்க, ஒரே மாதிரியான நோயோடு ஓர் ஊரே படுத்திருந்தது.

நத்தாருக்கு முதல் நாள் இரவு. தாதிமாரும் மருந்து கட்டுகிற பெடியன்களும் சமையலறைப் பெண்களும், அயலிலுள்ள சில பிள்ளைகளுமாகப் பத்துப் பதினைந்து பேர் வாசலில் வந்து நின்றார்கள். டோல்கி இல்லை. ஆஸ்பத்திரி என்றபடியால் அதை வெளியிலே வைத்துவிட்டு வந்திருந்தார்கள். ஒரு விளக்கு மட்டும் இருந்தது.

மூலைக் கட்டிலில் ஒரு பொடியன் கிடந்தான். காய்ச்சல் தலைக்கேறி, இரண்டு நாளாக நினைவில்லை. கையிலே குயினைன் ஏறிக்கொண்டிருந்தது. தாய் நெற்றி நிறையத் திருநீற்றோடு கட்டில் விளிம்பில் இருந்தாள். அவனுடைய தலைமாட்டிலும் ஒரு திருநீற்றுப் பொட்டலம் இருந்தது. பாட வந்தவர்கள் அதைக் கண்டு தயங்கினார்கள். பிறகு வயதான தாதி ஒருவர் மட்டும் உள்ளே வந்து, அந்தத் தாயருகே குனிந்து கேட்டார்:

"அம்மா, நாங்கள் பாடலாமோ?"

தாய் நிமிர்ந்து பார்த்தாள். சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்:

"அவனுக்குக் கேக்குமெண்டால் பாடுங்கோ பிள்ளை."

பாடினார்கள். நன்றாகப் பாடினார்கள் என்று சொல்ல முடியாது. ஒருவர் சுருதி ஓரிடம், மற்றவர் சுருதி வேறிடம். மிகவும் மெல்லப் பாடினார்கள். மூன்று பாட்டோடு நிறுத்திக்கொண்டார்கள். பிரசங்கம் இல்லை, கைப்பிரசுரம் இல்லை. ஆளுக்கொரு சிரட்டையிலே சீனி போடாத தேத்தண்ணியும் கையிலே ஒரு துண்டு பனங்கட்டியும் தந்துவிட்டு அடுத்த விடுதிக்குப் போனார்கள்.

மூன்றாம் நாள் என்னை வீட்டுக்கு அனுப்பியபோது அந்தப் பொடியன் கண் விழித்திருந்தான். அதற்குக் காரணம் பாட்டு என்று நான் சொல்ல மாட்டேன். அது குயினைனின் வேலை. பாட்டு நோயைத் தீர்க்கும் என்று சொல்லி அந்த இரவை ஓர் அற்புதக் கதையாக்க எனக்கு விருப்பமில்லை. பாட்டுக்கு வேறொரு வேலை இருந்தது. அது என்ன என்பதைத்தான் இத்தனை வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நேயர்களே, நத்தார்க் கதைக்கும் வைத்தியத்துக்கும் ஒரு பழைய உறவு உண்டு. மாட்டுத் தொழுவத்திலே பாலன் பிறந்ததையும், வயல்வெளியில் இடையர்களுக்கு வானதூதர் பாடியதையும் நமக்குச் சொல்பவர் லூக்கா. புதிய ஏற்பாட்டிலே அவர் வைத்தியர் என்று குறிக்கப்படுகிறார். தம்முடைய நூலின் முதல் இரண்டு அதிகாரங்களுக்குள்ளேயே நான்கு பாடல்களை வைத்திருக்கிறார். மரியாள் பாடுகிறார், சக்கரியா பாடுகிறார், வானதூதர் பாடுகிறார்கள், மரணத்தை எதிர்நோக்கி நிற்கும் முதியவரான சிமியோன் பாடுகிறார். மரபின்படி பார்த்தால், முதல் கரோலை எழுதி வைத்தவர் ஒரு வைத்தியர்.

அந்தக் கதையிலே ஒரு சத்திரம் வருகிறது. பிரசவ வேளையில் வந்த பெண்ணுக்கு அங்கே இடமில்லை. ஆஸ்பத்திரி என்று நாம் வழங்குகின்ற ஐரோப்பியச் சொல்லுக்கு இலத்தீனிலே வேராக உள்ள சொல் விருந்தாளியைக் குறிப்பது. ஆகவே ஆஸ்பத்திரி என்பது, இடமில்லை என்று சொல்லாத ஒரு சத்திரம். கட்டிலுக்குக் கீழே பாய் விரித்தாவது இடம் கொடுத்தார்களே, அந்த ஆஸ்பத்திரியில் நத்தார்க் கதை பாட்டுக்கு முன்பே நடந்து முடிந்திருந்தது என்று எனக்குத் தோன்றும்.

ஆனால் இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. அதைப் பேசாமல் விடுவது நேர்மையாகாது.

எமது மண்ணுக்கு மேலை வைத்தியம் வந்த வழியைப் பாருங்கள். அமெரிக்க மிஷன் வைத்தியர் ஜோன் ஸ்கடர் 1820 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பிலே பணி தொடங்கினார். 1836 இல் சென்னைக்குப் போனார். சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் வந்து, மானிப்பாயை இடமாகக் கொண்டார். கிறீன் ஒரு பெரிய காரியம் செய்தார். ஆங்கிலத்தில் படித்த வைத்தியர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி நகரங்களுக்குப் போய்விடுகிறார்கள், தமிழில் படித்தவர்களே கிராமத்தில் தங்குவார்கள் என்று கண்டு, மேலை வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். இரண வைத்தியம், கெமிஸ்தம் முதலான நூல்கள் அப்படித் தமிழுக்கு வந்தன. மருத்துவத் தமிழ் பற்றிப் பேசுகிற எவரும் மானிப்பாயைத் தாண்டிப் போக முடியாது.

கிறீன் பிறந்தது 1822 ஆம் ஆண்டு. அதே ஆண்டில்தான் நல்லூரில் ஆறுமுக நாவலரும் பிறந்தார். மிஷனரிமார் கல்வியையும் உதவியையும் காட்டி மதம் மாற்றுகிறார்கள் என்று நாவலர் வாழ்நாள் முழுவதும் கண்டித்தார். அவர் வெறும் கண்டனத்தோடு நின்றவரல்லர். 1877 இல் பஞ்சம் வந்தபோது கஞ்சித்தொட்டித் தருமம் நடத்திப் பசித்தவர்களுக்கு உணவிட்டவர். ஆகவே நாவலர் எழுப்பிய கேள்வி தருமம் அறியாதவரின் கேள்வியன்று. தருமத்துக்கு விலை கேட்கலாமா என்பதே அவருடைய கேள்வி.

அந்தக் கேள்வியைக் கரோல் வழிபாட்டின் முன்னே வைத்துப் பாருங்கள். படலைக்கு வருகிற பாட்டுக்காரரை விரும்பாதவர் கதவைச் சாத்திக்கொள்ளலாம். மண்டபத்தில் இருப்பவர் பாட்டுப் பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். கட்டிலில் கிடப்பவர் எங்கே போவார்? கையிலே மருந்து ஏறுகிறது. கால் தரையில் ஊன்றாது. எதிர்த்துச் சொன்னால் நாளைக்கு மருந்து கிடைக்குமோ என்ற பயமும் ஏழைக்கு இருக்கும். பாடுகிறவர் கையிலேதான் மருந்துத் திறப்பும் இருக்கிறது. இப்படி எழுந்து போக முடியாத ஒருவர் முன்னே பாடுவது எல்லா மேடைகளையும் விடப் பெரிய பொறுப்பு.

அந்த வயதான தாதிக்கு இது விளங்கியிருந்தது. ஆகையினால்தான் பாடுமுன் கேட்டார். அந்தத் தாய் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் சத்தமில்லாமல் திரும்பிப் போயிருப்பார்கள். அப்படிப் போயிருந்தாலும் அது ஒரு நல்ல கரோல் வழிபாடாகவே இருந்திருக்கும்.

ஸ்கடரின் பேர்த்தி ஐடா ஸ்கடர். 1870 இல் இந்தியாவிலே இராணிப்பேட்டையில் பிறந்தவர். அவருடைய வாழ்க்கையிலும் இதே பாடம் இருக்கிறது. ஓர் இரவிலே மூன்று கணவர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையிலிருந்த தங்கள் மனைவிமாருக்கு உதவி கேட்டார்கள். தம் தகப்பனார் வைத்தியர், அவரை அழைத்துப் போங்கள் என்றார் இளம் ஐடா. ஆண் வைத்தியர் எங்கள் பெண்களைப் பார்க்கக் கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். உங்கள் வழக்கம் பிழை என்று ஐடா அவர்களுக்கு உபதேசம் செய்யவில்லை. தாமே அமெரிக்கா சென்று வைத்தியம் படித்து, 1899 இல் பட்டம் பெற்று, வேலூருக்கு வந்து, 1902 இல் நாற்பது கட்டில்களோடு ஓர் ஆஸ்பத்திரியைத் திறந்தார். 1918 இல் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியையும் தொடங்கினார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அப்படி வளர்ந்தது. நோயாளியின் நிபந்தனையை ஏற்றுக்கொண்டு அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்வதுதான் பணி என்பது அங்கே தெரிகிறது.

பாட்டும் தரும ஆஸ்பத்திரியும் கைகோத்தது வேறு நாடுகளிலும் உண்டு. ஹன்டெல் என்ற இசையாசிரியரின் 'மெசையா' என்னும் பேரிசைப் படைப்பு இன்று உலகெங்கும் நத்தார்க் காலத்தில் பாடப்படுகிறது. அதன் முதல் அரங்கு 1742 ஆம் ஆண்டு ஏப்ரல் 13 ஆந் திகதி அயர்லாந்தின் டப்ளின் நகரிலே நடந்தது. வருமானம் மூன்று பங்காகப் பிரிக்கப்பட்டது. இரண்டு பங்கு இரண்டு ஆஸ்பத்திரிகளுக்கு; அவற்றில் ஒன்றின் பெயரே 'தரும வைத்தியசாலை' என்பதுதான். மூன்றாவது பங்கு, கடன் கட்ட முடியாமல் சிறையில் கிடந்தவர்களுக்கு. அந்தப் பணத்தால் 142 பேர் விடுதலையானார்கள். கூடுதலான பேருக்கு இடம் வேண்டுமென்று, பெண்கள் வளையம் வைத்த அகலப் பாவாடை அணியாமலும் ஆண்கள் இடையில் வாள் இல்லாமலும் வரும்படி கேட்கப்பட்டதாம். ஒரு பாட்டு சிறைக் கதவைத் திறந்தது என்றால் அது சிறிய காரியமா?

இன்னொரு செய்தி வானொலியோடு தொடர்பானது. வாசகங்களும் கரோல்களும் மாறி மாறி வருகின்ற வழிபாட்டு முறை 1880 இல் இங்கிலாந்தின் ட்ரூரோ நகரிலே, பேராலயம் கட்டி முடியாத காலத்தில், ஒரு மரக் கொட்டிலில் தொடங்கியது. அதைக் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிக்குக் கொண்டு வந்தவர் எரிக் மில்னர்-வைற். முதல் உலகப் போரிலே படைகளோடு குருவாகச் சென்று திரும்பியவர். போர் முடிந்து ஏறத்தாழ ஆறு வாரத்தில், 1918 நத்தாருக்கு முதல் நாள், முதல் வழிபாடு நடந்தது. அவர் எழுதிய தொடக்க வேண்டுதலிலே ஏழைகளும் நோயாளரும் தனித்தவர்களும் துயருறுவோரும் நினைக்கப்படுகிறார்கள். மறுகரையிலே நின்று தம்மோடு மகிழ்பவர்கள் என்று இறந்தவர்களும் நினைக்கப்படுகிறார்கள். பிள்ளைகளைப் போரில் இழந்த ஒரு நாட்டின் முன் நின்று எழுதிய வாசகம் அது.

1928 இல் பீ.பீ.சீ. அதை ஒலிபரப்பத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரிலே ஆலயத்தின் வண்ணக் கண்ணாடிகளைக் கழற்றி ஒளித்து வைத்தார்கள். எந்த இடத்திலிருந்து பாட்டு வருகிறது என்பதைப் பாதுகாப்புக் கருதி வானொலியிலே சொல்லவில்லை. பாட்டை மட்டும் ஒலிபரப்பினார்கள். இடத்தின் பெயரை மறைத்துக்கொண்டு பாட்டை மட்டும் அனுப்பிய அந்த நிலை, சைக்கிள் மிதி சுற்றிக் கேட்ட எங்களுக்கு நன்றாக விளங்கும்.

இனி இலக்கியத்துக்கு வருவோம். கட்டிலருகே பாடுகிற பாட்டு எப்படி இருக்க வேண்டும்?

உலகில் மிகவும் பரவிய கரோலை எடுத்துக்கொள்ளுங்கள். 'அமைதியான இரவு' என்ற கருத்தோடு தொடங்குவது. ஒஸ்திரியாவின் ஒபர்ன்டோர்ப் என்ற சிற்றூரின் உதவிக் குருவான யோசப் மோர் எழுதிய வரிகளுக்கு, பிரான்ஸ் குரூபர் என்ற பள்ளிக்கூட ஆசிரியர் மெட்டமைத்தார். 1818 நத்தார் இரவிலே ஒரு கிற்றாரோடு முதன்முதலாகப் பாடப்பட்டது. அது உண்மையில் ஒரு தாலாட்டு. தாலாட்டு ஒருவரை எதையும் நம்பச் சொல்வதில்லை; எதையும் செய்யச் சொல்வதுமில்லை. உறங்கு என்று மட்டும் சொல்லும். அதனால்தான் எந்தச் சமயத்தவரின் கட்டிலருகிலும் அதை மெல்லப் பாட முடிகிறது.

எங்கள் மொழியிலே இதற்குக் குறைவில்லை. வைத்தியத்தையும் இசையையும் ஒரே கையில் பிடித்தவர் தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர். மூலிகைத் தோட்டம் போட்டு மருந்து செய்து, அதிலே வந்த வருவாயைத் தமிழிசை ஆராய்ச்சிக்குச் செலவிட்டு, 1917 இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெருநூலை வெளியிட்டவர். கிறிஸ்தவரான அவர் தமிழ்ப் பண்களின் வேரைத் தேடிப் போனார். எங்கள் கீர்த்தனைகள் தமிழ் இராகத்திலே இருப்பதால் எத்தகைய நன்மை என்பதை ஆஸ்பத்திரியிலே காணலாம். சொல் எந்தச் சமயத்தைச் சேர்ந்ததாக இருந்தாலும், மெட்டு கேட்பவரின் தாய் வீட்டிலிருந்து வருகிறது. நீலாம்பரிக்குச் சமயம் இல்லை.

நேயர்களே, அந்த இரவுக்குப் பிறகு வன்னியிலே நத்தார் பல வந்து போயின. 2004 ஆம் ஆண்டு நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், முல்லைத்தீவுக் கரையைக் கடல் விழுங்கியது. முதல் நாள் புத்தாடை உடுத்த பிள்ளைகள் பலர் மறுநாள் இல்லை. 2008 நத்தார் கழிந்து எட்டாம் நாள் கிளிநொச்சி நகர் கைமாறியது. அதன் பிறகு ஆஸ்பத்திரிகளே இடம்பெயர்ந்தன. பள்ளிக்கூடங்கள் ஆஸ்பத்திரிகளாயின. புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரியில் எறிகணைகள் விழுந்தன. 2009 பெப்ரவரியில் நோயாளர் அங்கிருந்தும் வெளியேற்றப்பட்டார்கள். இடமில்லை என்று சொல்லாத சத்திரத்துக்கே இடமில்லாமற் போன காலம் அது. அந்த மாதங்களிலே மரத்தின் கீழும் தறப்பாளின் கீழும் நின்று மருந்து கட்டியவர்களை இந்த மண் மறக்கக் கூடாது.

ஒரு நல்ல செய்தியும் சொல்ல வேண்டும். 2016 செப்டெம்பரிலே இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மார்கழியில் பாய் விரித்துப் படுத்த அந்த நோய் இப்போது எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது. இரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டிலே பூசிப் பார்த்தவர்களும், வீடு வீடாக மருந்து அடித்தவர்களும் பல வருடம் உழைத்த உழைப்பு அது. அவர்களும் வீடு தேடிப் போனவர்கள்தாம்.

மார்கழி வந்தால் இன்றும் ஆஸ்பத்திரி விடுதிகளில் ஒளிவிழாக்கள் நடக்கின்றன. மின்விளக்குத் தோரணமும் ஒலிபெருக்கியும் நத்தார் தாத்தாவும் வருகிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் அவற்றை நடத்துகிற இளைஞர்களிடம் ஒரு விண்ணப்பம். ஒலிபெருக்கியை வெளியிலே வைத்துவிட்டு உள்ளே போங்கள். மூலைக் கட்டிலிலே யார் கிடக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். தலைமாட்டிலே திருநீறோ செபமாலையோ தஸ்பீகோ எது இருந்தாலும், அருகே குனிந்து ஒரு வார்த்தை கேளுங்கள். திருவெம்பாவைக் கூட்டத்தோடு விடியற்புறம் ஆஸ்பத்திரி வாசலைக் கடந்து போகிறவர்களுக்கும் இதே விண்ணப்பம்தான். உள்ளே ஒருவர் விடிய விடியக் கண் மூடாமல் இருந்து, அப்போதுதான் அயர்ந்திருக்கக் கூடும். அந்த இடத்திலே சங்கைச் சற்று நிறுத்திக்கொண்டால் மாணிக்கவாசகர் கோபிக்க மாட்டார்.

அந்தத் தாய் சொன்ன மறுமொழியை நான் இன்னும் யோசிக்கிறேன். அவள் சம்மதம் தந்தாள்; ஆனால் தனக்காகத் தரவில்லை. அவனுக்குக் கேட்குமென்றால் என்று ஒரு நிபந்தனை வைத்தாள். அவனுக்குக் கேட்கிறதா என்று அங்கே எவருக்கும் தெரியாது. தெரியாமலே, கேட்கிறது என்று எடுத்துக்கொண்டு, அந்தப் பதினைந்து பேரும் அவன் பக்கமாகத் திரும்பி நின்று பாடினார்கள். இரண்டு நாளாக ஒரு நோயாக மட்டும் கிடந்தவனை, அந்த மூன்று பாட்டு நேரமும், கேட்கக் கூடிய ஒரு மனிதனாக நடத்தினார்கள். தாயின் முகத்தை அப்போது நான் பார்த்தேன். அவள் பாடினவர்களைப் பார்க்கவில்லை. மகனுடைய காதருகே கிடந்த போர்வையை மெதுவாக விலக்கி விட்டுக்கொண்டிருந்தாள்.

எழுதுகிறவர்களும் பாடுகிறவர்களும் வானொலியிலே பேசுகிறவர்களும் அதைத்தான் செய்கிறோம். கேட்கிறதா என்று எங்களுக்குத் தெரிவதில்லை. யாரோ ஒருவர் எங்கோ ஓரிடத்தில் போர்வையை விலக்கி விடுவார் என்ற நம்பிக்கையிலே பேசுகிறோம்.

இன்றிரவு ஆஸ்பத்திரிக் கட்டில்களில் விழித்திருப்பவர்களுக்கும், அவர்கள் அருகே விழித்திருப்பவர்களுக்கும் என் வணக்கம்.